உப்பு வாரும் மாதங்களில் சந்தனமாரி அழக்கூடாது

கீழத்தருவையில் உப்பு விளைவிக்க நாலு பூதங்கள் கூலிக்கு வருகின்றன என்றுதான் சொல்லுவார்கள்: கிணற்றிலிருந்து இறைத்துவிட்ட உவர்த்தண்ணீர் ஒன்று, மிதித்து மிதித்துக் கல்லாக்கிய களிமண் தரை ஒன்று, அந்தத் தண்ணீரைக் குடித்துத் தீர்க்கும் வெயில் ஒன்று, வெயிலுக்குக் கைகொடுக்க மேற்கேயிருந்து வரும் காற்று ஒன்று, இந்த நாலும் தையில் வேலைக்கு ஏறினால் புரட்டாசி முடிகிறவரைக்கும் லீவு போடாமல் உழைக்கும், உழைத்ததைப் பாத்தியில் வெள்ளையாக விட்டுவைக்கும், மனுஷன் குனிந்து வாரி அம்பாரமாகக் குவித்துக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி. ஐந்தாவது பூதம் ஆகாயத்தில் இருந்தது. அது மழையாக இறங்கி வந்தால் மற்ற நாலு பேரும் பட்ட பாடு ஒரே மத்தியானத்தில் கரைந்து ஓடிவிடும். அப்படிப்பட்டது, அந்த ஊர்க்காரன் ஒருவனையே கல்யாணம் முடித்துக்கொண்டு, வாசலில் கோழி வளர்த்துக்கொண்டு, அதே ஊரில் குடியிருந்தது.

அவள் பேர் சந்தனமாரி. அந்தப் பேர்கூட ஊர் வைத்ததுதான். ஒரு மார்கழிக் கடைசியில் மழையெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிப் போனபிறகு, கடைசி பஸ்ஸை விட்டுவிட்டவள் மாதிரி பாத்தி வரப்பில் ஈரத் தலையோடு உட்கார்ந்திருந்தாள். பாத்தி மிதிக்க வந்த கொம்பையா அவளிடம் எந்த ஊர் என்று கேட்டான், அவள் மேலே கையைக் காட்டினாள், "போகலியா?" என்றான், "எல்லாரும் போயிட்டாவ. நான் நீங்க மிதிக்கதைப் பாத்துக்கிட்டே நின்னுட்டேன்" என்றாள். அவன் தலைத்துண்டை அவிழ்த்துக் கொடுத்தான். தலையைத் துவட்டிக்கொண்டாள், தலையும் காயவில்லை, துண்டும் காயவில்லை, அந்தத் தை பிறந்ததும் கல்யாணம் நடந்தது.

ஊரில் யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசை போட்டுக் காத்துக்கிடக்கும் ஊர் அது. சந்தனமாரி கொடியில் போட்ட சேலையிலிருந்து நாள் முழுக்க நல்ல தண்ணீர் சொட்டியது, பருப்பு அதில் பதமாக வெந்தது, பெண்கள் கொடிக்குக் கீழே குடத்தை வைத்துவிட்டு நாட்டுநடப்புப் பேசிக்கொண்டிருந்தார்கள், இப்படி ஒரு மருமகள் எந்த ஊருக்கு வாய்க்கும் என்று பெருமைகூடப் பட்டார்கள். அந்தப் பெருமை அவள் முதன்முதலாக வெங்காயம் உரித்த நாள்வரைக்கும் இருந்தது. சாம்பாருக்கு ஒரு கை சின்ன வெங்காயம் உரித்தாள், கண் கரித்தது, போர்வை அகலத்துக்கு ஒரு மேகம் எங்கிருந்தோ வந்து, அடுத்த தெருவுக்குப் போவதா இங்கேயே நிற்பதா என்று தடுமாறி, கடைசியில் வாரக் காத்திருந்த பாத்திகள் மேல் கொட்டிவிட்டுப் போனது. வரப்பில் நின்று பார்த்தவர் கங்காணி தவசிமுத்து. உப்பளத்தில் ஆளை வைத்து வேலை வாங்குகிறவர், பேச வேண்டிய இடத்தில் பேசத் தெரிந்தவர், அன்றைக்குத் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகு ஊர் ஒரு முறையை உண்டாக்கிக்கொண்டது. சந்தனமாரி வீட்டு வெங்காயத்தைப் பக்கத்து வீட்டு உச்சிமாகாளி உரித்துக் கொடுத்தாள். அவள் நுழைகிற வீட்டில் டிவி சீரியலை அணைத்தார்கள். மறுவீட்டுக்குப் பெண்ணை அனுப்புகிற நேரத்தில் அவளைப் பந்தியில் உட்கார்த்திப் பாயசம் ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். அவள் காதுபட யாரும் பிள்ளையை அடிக்கவில்லை, பெண்டாட்டியை வைவதற்குக்கூட ஆண்கள் கடற்கரைப்பக்கம் கூட்டிக்கொண்டு போனார்கள், வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இவ்வளவு தங்கமான ஊர் மாவட்டத்திலேயே கிடையாது. உப்புக் காலத்தில் யாராவது செத்துப்போனால் அவர்கள் மும்பைக்குப் போய்விட்டதாக அவளிடம் சொன்னார்கள். கிழவர்கள், பிள்ளைத்தாச்சிகள், படுக்கையிலிருந்து எழுந்திருக்கவே முடியாமல் கிடந்தவர்கள் எல்லோரும் மும்பைக்குப் போனார்கள். "மும்பையில நம்ம ஆளுக நிறைய இருக்காவ போல" என்று ஒருதரம் சந்தனமாரி சொன்னாள், உச்சிமாகாளி ஆமாம் என்று சொல்லிவிட்டு வெங்காயத்தைக் குனிந்து உரித்தாள்.

பிறகு ஐப்பசி வரும். அம்பாரங்களைப் பனையோலை போட்டு மூடிக் கயிறு கட்டி, பாத்திகளை அப்படியே விட்டுவிட்டு, குளித்து முழுகி, பெண்கள் எல்லோரும் சந்தனமாரி வீட்டு முற்றத்தில் வந்து உட்காருவார்கள். அதுவரை அடக்கி வைத்திருந்த துக்கங்களை ஒவ்வொருத்தியாக எடுத்துவைப்பார்கள். மும்பைக்குப் போனவர்கள் எல்லாம் மும்பையில் செத்துப்போனதாகத் தகவல் வரும். தாய் செத்தது, தாலி போனது, கறவை மாடு விழுந்தது, கட்டிக்கொடுத்த மகள் திரும்பி வந்தது என்று எல்லாவற்றையும் கேட்டு சந்தனமாரி அழுவாள், அழுதால் கண்மாய் நிறையும், தாமிரபரணிப் பக்கம்வரைக்கும் மழை என்று ரேடியோவில் சொல்லுவார்கள். தங்கள் துக்கத்துக்கு ஒரு ஆள் இப்படி ஊரே நனைய அழுவது அந்தப் பெண்களுக்கும் ஆறுதலாகத்தான் இருந்தது. எல்லோரும் ஐப்பசியிலேயே சாவதைப் பற்றி அவள் என்ன நினைத்தாள் என்று மட்டும் யாரும் கேட்டதில்லை.

இந்த ஏற்பாட்டில் ஓட்டை விழாமலும் இல்லை. ஒரு வைகாசியில் பிளாஸ்டிக் குடம் விற்க வந்தவன் தன் அம்மா செத்த கதையை அவளிடம் உட்கார்ந்து சொல்லிவிட்டான், அந்த வருஷத்து உப்பு போனது. மறுவருஷம் மாசியில் ஒரு நாய்க்குட்டி லாரிச் சக்கரத்தில் மாட்டியது, அந்த வருஷமும் போனது. பாதி வீடுகளைப் பூட்டிக்கொண்டு சனங்கள் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் போனார்கள். மூன்றாம் வருஷம் நாலு பூதங்களும் என்ன நினைத்துக்கொண்டனவோ, பங்குனியிலேயே உப்பு வைரக்கல்லாக இறங்கியது, அப்படி ஒரு விளைச்சலை யாரும் கண்டதில்லை, போனவர்கள் எல்லாம் செய்தி கேட்டுத் திரும்பி வந்து பூட்டைத் திறந்தார்கள். இந்த உப்பும் போனால் இனி ஊர் கிடையாது என்பது எல்லோருக்கும் தெரியும்.

அந்தச் சித்திரையில்தான் கொம்பையா செத்தான்.

வடக்குப் பாத்தியில் உச்சி வெயிலில் வாரிக்கொண்டிருந்தவன், தண்ணி என்று சொன்னானாம், குடத்தை எடுத்துக்கொண்டு ஆள் திரும்புவதற்குள் வாரிய உப்பின் மேலேயே கவிழ்ந்துவிட்டான். கூலிக்கு வந்த நாலு பூதங்களில் ஒன்று, அந்த வெயில், அவனைக் கொண்டுபோய்விட்டது, அதைக் கேட்பதற்கு எந்த ஆபீசும் இல்லை. தூக்கிவந்து ஓலைக் கொட்டகையில் கிடத்தினார்கள். ஊர் கூடியது. வழக்கமாக அப்போது ஒரு கேவல் எழும், நெஞ்சில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்கும், ஆனால் அன்றைக்கு அத்தனை பெண்களும் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு, ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டு, மூச்சு விடுகிற சத்தத்தோடு மட்டும் நின்றார்கள்.

"அந்தப் பிள்ளைகிட்ட யாரு சொல்லுதது?" என்றாள் உச்சிமாகாளி.

"யாரும் சொல்ல வேண்டாம்" என்றார் தவசிமுத்து.

"அண்ணாச்சி, அவ புருஷன்."

"எனக்குந்தான் தெரியுது. நான் தூக்கி வளத்த பய அவன்." தவசிமுத்து வெளியே கையைக் காட்டினார். வெயிலில் கண்ணைக் கூசவைத்துக்கொண்டு அம்பாரங்கள் வரிசையாக நின்றன. "அதைப் பாரு. ஒரு கை வெங்காயத்துக்கு அத்தனை பாத்தி போச்சு. ஒரு நாய்க்குட்டிக்கு ஒரு வருஷம் போச்சு. இதுக்கு என்ன போகும்னு நீயே சொல்லு. கடல் வந்து ஊருக்குள்ள நிக்கும்."

"எப்பதான் சொல்லுதது?"

"ஐப்பசியில சொல்லுவோம்."

"ஐப்பசி வரைக்கும் பொணம் கெடக்குமா அண்ணாச்சி?"

எல்லோருக்கும் கொம்பையாமேல் பிரியம்தான், சந்தனமாரிமேலும் பிரியம்தான், ஆனாலும் எல்லோருடைய கண்ணும் கொஞ்சம் கொஞ்சமாக அம்பாரத்துப் பக்கம் போய் நின்றது. உச்சிமாகாளியின் கண்ணும் போனது. அவளுக்கும் திருப்பூரிலிருந்து திரும்பிவந்த மகன் இருந்தான்.

சாயங்காலத்துக்குள் காரியத்தை முடித்தார்கள். ஊருக்கு வெளியே செம்மணல் தேரியில் குழி வெட்டினார்கள். சங்கு ஊதவில்லை, சேகண்டி அடிக்கவில்லை, கோடித்துணி வாங்கப் பக்கத்து ஊருக்கு ஆள் அனுப்பினார்கள். அந்த நேரம் முழுக்க உச்சிமாகாளி சந்தனமாரியைத் தன் வீட்டுக்குள் வைத்துக்கொண்டு கிரைண்டரை ஓடவிட்டாள், வெளியே கேட்கக்கூடாத சத்தம் எதுவும் கேட்டுவிடக்கூடாதென்று அரைத்த மாவையே திரும்பத் திரும்ப அரைத்தாள், "போதும் மதினி, மாவு சுடுது" என்று சந்தனமாரி சொன்னபிறகும் நிறுத்தவில்லை. அவளுக்குத் தெரியாமல் அவள் புருஷனைப் புதைக்க உதவுகிறோம் என்று நினைக்க நினைக்க உச்சிமாகாளிக்குத் தன் கையையே பார்க்கப் பிடிக்கவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்தில் தவசிமுத்து சந்தனமாரி வீட்டு வாசலில் வந்து நின்றார். அவசரமாக உப்பு லாரி ஒன்று கிளம்பியது, கூட ஒரு ஆள் வேண்டியிருந்தது, கொம்பையா மும்பைக்குப் போயிருக்கிறான் என்றார்.

தெரு முழுக்கக் கதவிடுக்குகளில் ஆட்கள் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொடியில் சொட்டுகிற தண்ணீர் குடத்தில் விழும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

"எங்கிட்டச் சொல்லாமலா போனாவ?"

"அவசரம் தாயி."

"சாப்பிட்டாவளா?"

"சாப்பிட்டான்."

"மும்பையிலயும் இப்படித்தான் வெயிலடிக்குமா அண்ணாச்சி?"

"இவ்வளவு இருக்காது" என்று சொல்லிவிட்டு அவர் வேகமாகத் திரும்பி நடந்தார், தெருமுனைவரைக்கும் போய் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அதற்கப்புறம் கீழத்தருவையில் யாரும் சரியாக மூச்சு விடவில்லை. விடிந்ததும் முதல் காரியமாக வானத்தைப் பார்த்தார்கள், பிறகு சந்தனமாரியின் முகத்தைப் பார்த்தார்கள், இரண்டிலும் ஒன்றும் இல்லையென்று தெரிந்தபிறகு பல் விளக்கினார்கள். அவள் எதிரே வந்தால் சிரித்தார்கள், சிரித்து சிரித்துத் தாடை வலித்தது. கொம்பையாவின் கோழி காணாமல்போனபோது மூன்று தெருவும் சேர்ந்து தேடிக் கண்டுபிடித்தது. அவள் ஒவ்வொரு ராத்திரியும் கொம்பையாவுக்கும் சேர்த்துச் சோறு வடித்தாள், அவன் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவைத்தாள், மறுநாள் பழையதைத் தான் குடித்துக்கொண்டாள். கேட்டால், லாரி எந்த நேரத்தில் திரும்பும் என்று யாருக்குத் தெரியும் மதினி என்றாள்.

உச்சிமாகாளி இப்போதெல்லாம் தேவைக்கு மேலே வெங்காயம் உரித்தாள். அந்த ஊரில் காரணம் சொல்லாமல் அழக் கிடைத்த இடம் அது ஒன்றுதான். சந்தனமாரி எதிரே உட்கார்ந்து அவள் கண்ணிலிருந்து ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த வெங்காயம் ரொம்பக் காரம் போல."

"ஆமாம்மா."

"எனக்காகத்தான மதினி நீங்க இவ்வளவு அழுதிய. நான் ஒரு நாளாவது உரிக்கேன், குடுங்க."

உச்சிமாகாளி முறத்தை மார்போடு சேர்த்து இழுத்துக்கொண்டாள். அன்றைக்கே அளத்துக்கு நடந்துபோய், ஆட்கள் பார்க்க, தவசிமுத்துவின் முன்னால் நின்றாள். "என்னால இதுக்கு மேல முடியாது அண்ணாச்சி. இன்னைக்கு நான் சொல்லப் போறேன்."

"ஐப்பசி வரட்டும்."

"அதுக்குள்ள எனக்குப் பைத்தியம் பிடிச்சிரும். தெனமும் அவனுக்குச் சோறு வடிக்கா."

ஆண்கள் அவளைச் சுற்றிக்கொண்டார்கள். கெஞ்சினார்கள், ஒருவன் மிரட்டக்கூடச் செய்தான், அவள் அசையவில்லை. நெடுநேரம் கழித்து தவசிமுத்து ஒரு வழி சொன்னார். அம்பாரங்களை மூடிவிடுவோம். பாத்தியில் கிடப்பது போனால் போகட்டும், குவித்ததையாவது ஓலைபோட்டுக் கட்டிவிட்டு அவளிடம் சொல்லுவோம், சொல்லிவிட்டு அவள் காலில் விழுவோம். அதைக் கேட்டதும் உச்சிமாகாளிக்கே பாரம் இறங்கினதுபோல் இருந்தது. எல்லோருக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது. வண்டி வண்டியாகப் பனையோலை வந்து இறங்கியது, மறுநாள் விடிந்ததும் ஊரே அளத்தில் நின்று ஓலை கட்டியது.

உப்பளத்துக்காரர்கள் மட்டும்தான் இப்படி ஒரு தப்பைச் செய்ய முடியும். வேறு ஊராக இருந்தால் ஓலை வெறும் ஓலை. சந்தனமாரி அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்ட நாளிலிருந்து வருஷம் தவறாமல் பார்த்திருக்கிறாள், உப்பின்மேல் ஓலை ஏறுவது அவள் ஒருத்திக்காகத்தான், ஓலை ஏறியபிறகுதான் அவளிடம் சாவைச் சொல்லுவார்கள்.

அவள் வேலையாட்களுக்கு மோர் கொண்டுவந்தாள். சித்திரை வெயிலில், ஒரு பொட்டு மேகம் இல்லாத வானத்துக்குக் கீழே, பாதி அம்பாரங்கள் பச்சை ஓலைக்குள் ஒளிந்து நின்றன, மீதியின்மேல் ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். அவள் வரப்பிலேயே நின்றுவிட்டாள். முதலில் பார்த்த ஆள் கையிலிருந்த கயிற்றைக் கீழே போட்டான், பிறகு ஒவ்வொருவராகப் பார்த்தார்கள், சத்தம் வரிசையாக அணைந்துகொண்டே போனது.

சந்தனமாரி தூக்குவாளியை இறக்கிவைத்தாள். அங்கிருந்த முகங்களை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரைக்கும் நிதானமாகப் பார்த்தாள். கிழவர்கள் இருந்தார்கள், பிள்ளைகள் இருந்தார்கள், படுக்கையில் கிடந்தவர்களைக்கூட நிழலுக்குக் கூட்டிவந்து உட்காரவைத்திருந்தார்கள். ஊரில் ஒரே ஒரு ஆள்தான் இல்லை.

"எனக்காகவா மூடுதிய?" என்றாள்.

தவசிமுத்து ஏறி நின்ற அம்பாரத்தின் மேலேயே உட்கார்ந்தார். மூடாத அம்பாரங்கள் வெயிலில் மின்னின. இன்னும் கொஞ்ச நேரம், கொஞ்சமே கொஞ்ச நேரம் அவள் பொறுத்துக்கொண்டால் போதும் என்று அந்த நிமிஷத்திலும் அங்கிருந்த அத்தனை பேரும் நினைத்தார்கள், நினைத்ததற்காக அவர்களைத் திட்டி என்ன பிரயோசனம்.

அவர்கள் நினைத்தது அவளுக்கு எட்டியிருக்க வேண்டும். "மூடுங்க. மூடி முடிங்க. நான் நிக்கேன்" என்றாள். யாரும் அசையாததைப் பார்த்து, அவளே குனிந்து ஓலைக்கட்டு ஒன்றைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போய் அம்பாரத்தடியில் நின்றாள், மேலே நின்றவன் வாங்கிக்கொண்டான். அதன்பிறகு வேலை நடந்தது. அவள் ஓலை சுமந்தாள், கயிற்றின் முனையைப் பிடித்துக் கொடுத்தாள், தளர்ந்த முடிச்சை இழுத்துப்பார்த்துச் சரிசெய்யச் சொன்னாள், அவள் தலையிலிருந்து வழிந்த ஈரம் உப்பில் படாமல் முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள். கடைசி அம்பாரமும் மூடியபிறகு கையைத் தட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

"எங்க போட்டிருக்கிய?"

உச்சிமாகாளி முன்னால் நடந்தாள். சந்தனமாரி பின்னால் நடந்தாள், அவளுக்குப் பின்னால் குடையும் தார்ப்பாயும் எடுத்துக்கொண்டு ஊர் நடந்தது. சிலர் பாதிவழியில் திரும்பி ஓடி ஆட்டைப் பிடித்துக் கட்டினார்கள், பிள்ளைகளை மச்சில் ஏற்றினார்கள், கடற்கரையில் கிடந்த வள்ளங்களை இழுத்துக் கட்டினார்கள். தேரியில் செம்மணல் தகித்தது. பெயரும் இல்லாமல் கல்லும் இல்லாமல் கொஞ்சம் மேடாக இருந்த இடத்தை உச்சிமாகாளி காட்டினாள், காட்டிவிட்டு மணலிலேயே உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டாள். ஊர் குடையை விரித்துக்கொண்டு காத்து நின்றது.

சந்தனமாரி மேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள்.

மழை வந்தது. இடியில்லை, மின்னலில்லை, மேகம்கூட இல்லை. நேராக, கனமாக, கொம்பையா படுத்திருந்த நீளத்துக்கும் அவன் தோளின் அகலத்துக்கும் மட்டும் பெய்தது. மேடு கரைந்து, மண் இறங்கி, உள்ளே அவனுக்குக் குளிர்ந்திருக்கும். ஒரு சாண் தள்ளி மணல் காய்ந்து கிடந்தது, செருப்பில்லாமல் நின்றவர்களுக்குக் கால் சுட்டது, விரித்த குடைகள்மேல் வெயில்தான் விழுந்தது. எவ்வளவு நேரம் பெய்ததென்று யாரும் பார்க்கவில்லை. முதலில் ஒருவன் குடையை மடக்கினான். பிறகு எல்லோரும் மடக்கினார்கள்.

தவசிமுத்து கிட்டத்தில் வந்து நின்றார். "தாயி, நாங்க பயந்துட்டோம். வெங்காயத்துக்கே அப்படிப் பெஞ்சுதே."

"வெங்காயக் கண்ணீருக்குப் போற இடம் தெரியாது அண்ணாச்சி" என்றாள் சந்தனமாரி. "ஊரு துக்கத்துக்கு அழுதா ஊருக்கெல்லாம் பெய்யும். இது எனக்குள்ளது. இது எங்க விழணும்னு எனக்குத் தெரியாதா?"

அவர் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றாள் அவள், இந்தத் தடவை உச்சிமாகாளியைப் பார்த்து. கோபமாகச் சொல்லவில்லை, கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பார்கள். "இவ்வளவு இடந்தான் மதினி நனைஞ்சிருக்கும். நான் அவர் முகத்தைப் பாத்திருப்பேன்."

அந்த வருஷம் கீழத்தருவையில் ஒரு கல் உப்புகூடக் கரையவில்லை.